அப்பாவின் தீர்ப்பில் ஏழாம் பக்கம்

அன்று காலை என் பையில் இருந்தவை: மேல்முறையீட்டு மனுவின் நகல், வக்கீல் கேட்டிருந்த இரண்டு கடிதங்கள், தயிர்சாத டப்பா இரண்டு, அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை. இவற்றுக்கு அடியில், அப்பாவுக்குத் தெரியாமல், நீல அட்டை போட்ட ஒரு சுருக்கெழுத்து நோட்டு.

"அத வச்சிட்டியாட்டி?" அம்மா சமையலறையிலிருந்து குரலை இறக்கிக் கேட்டாள்.

"வச்சிட்டேன்."

"ஒங்க அப்பாட்ட மூச்சு விடாத. வக்கீல் கையில குடுத்திரு. மத்தத அவரு பாத்துக்கிடுவாரு."

அப்பா தில்லியில் கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக இருந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்து உத்தரவு வந்தது. கீழ்க்கோர்ட்டு நீதிபதிகளின் வேலைத் தகராறுகளை மட்டும் கேட்கும் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அதில் உட்காருவார்கள். அப்பா அங்கே மேல்முறையீடு செய்தார். அது முடியும்வரை லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்துகொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. அன்று ஆறாவது தாரீக். கோர்ட்டில் குறிக்கும் தேதியை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அது பழகிப்போயிருந்தது.

"ஊருக்கெல்லாம் நீங்க குடுத்த தாரீக்குதான் வரிசையா திரும்பி வருது," என்பாள் அம்மா.

"நான் காரணம் இல்லாம ஒரு தாரீக்கும் குடுத்ததில்ல," என்பார் அப்பா. அம்மா பகடியாகச் சொன்னதற்கு அவர் பதில் மனு தாக்கல் செய்வார்.

அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று. தீர்ப்பை முழுதாக எழுதி முடிக்காமலேயே நீதிமன்றத்தில் முடிவை வாசித்துவிட்டார் என்பது. நீதிபதி அப்படிச் செய்யக்கூடாது. முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களைப் பிறகு தேடினார் என்று ஆகிவிடும்.

அவர் அப்படிச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் தீர்ப்பைத் தட்டச்சு செய்தவள் நான்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். அதற்கு முன்பே, எங்கள் காலனியின் எல்லாப் பெண்களையும் போல, டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுத் தேறியிருந்தேன். அப்பாவின் கோர்ட்டு ஸ்டெனோ நீண்ட விடுப்பில் போனார். மாற்று ஆள் வரவில்லை. அப்பா சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லத் தொடங்கினார். வாடகை டைப்ரைட்டர் ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் நோட்டின் தலைப்பில் தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதுவேன். எக்ஸ்சேஞ்சில் பழுதுச் சீட்டு எழுதிய பழக்கம்.

அந்த வழக்கு ஒரு வீட்டுக்காரருக்கும் கீழ்த்தளத்தில் குடியிருந்த தையல்காரருக்கும் நடந்தது. ஒன்பது பக்கத் தீர்ப்பு. தையல்காரர் அங்கேயே இருக்கலாம் என்பது முடிவு. அப்பா நீதிமன்றத்தில் கடைசிப் பத்தியை வாசித்துவிட்டு, கையெழுத்திடுவதற்காகத் தாள்களைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் 'கீழ்த்தளம்' என்று வர வேண்டிய இடத்தில் 'முதல் மாடி' என்று நான் அடித்திருந்தேன். தவறு உள்ள தீர்ப்பில் அவர் கையெழுத்துப் போடமாட்டார். அடித்துத் திருத்துவதும் அவருக்குப் பிடிக்காது. ஒன்பது தாள்களையும் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் கிளம்பிய அரை மணியில் மேலதிகாரி திடீர்ச் சோதனைக்கு வந்தார். கோப்பைத் திறந்தார். உள்ளே தீர்ப்பு இல்லை.

பழுதுச் சீட்டாக எழுதினால் இப்படி வரும். பழுது: கோப்பில் தீர்ப்பு இல்லை. இடம்: என் விரல். எடுத்த நடவடிக்கை: அன்று மாலையே அந்தப் பக்கம் திரும்ப அடிக்கப்பட்டது, பதினைந்து நிமிடம்.

விசாரணையில் அப்பா, தீர்ப்பு தயாராக இருந்தது, வீட்டில் இருந்தது என்றார். யார் அடித்தது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அதன் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

தீர்ப்பாயத்தின் வாசலில் வக்கீல் காத்திருந்தார். பருமனான பஞ்சாபிக்காரர். அப்பா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் பக்கம் குனிந்து, "கொண்டுவந்தியா, பிட்டியா?" என்று இந்தியில் கேட்டார். மகளே என்று கூப்பிடுவது அவர் வழக்கம். நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன, கொசு அடிச்சு வச்ச மாதிரி இருக்கு? போகட்டும். தேதி படிக்க முடியுது. தீர்ப்பு சொன்ன நாளுக்கு ரெண்டு நாள் முன்னால. இது போதும்."

உள்ளே கூப்பிட்டார்கள். அப்பா கட்சிக்காரர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றார். உட்காரலாம் என்று மூத்த நீதிபதி சொன்னார். அப்பா நன்றி சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நான் பின் வரிசையில் இருந்தேன். மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்றது. பேரிங் போயிருக்கும் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைத்ததாக ஞாபகமில்லை.

"தீர்ப்பு வீட்டில் இருந்தது என்கிறார் உங்கள் கட்சிக்காரர்," என்றார் மூத்த நீதிபதி. "அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா?"

"இருக்கிறது," என்று வக்கீல் நோட்டை எடுத்து நீட்டினார்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அந்த நீல அட்டையைப் பார்த்தார். பிறகு வக்கீலின் கையிலிருந்து நோட்டை, மேஜையிலிருந்து எதையோ எடுப்பதுபோல, மெதுவாக வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

"மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்," என்றார் ஆங்கிலத்தில்.

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். "விளைவு தெரிந்துதானே சொல்கிறீர்கள்?"

அதே கேள்வியை அப்பா எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார். "தெரிந்துதான்," என்றார்.

நீதிபதி உத்தரவைச் சொல்ல, ஸ்டெனோ எழுதினாள். என் இடத்திலிருந்து அவள் நோட்டு தெரிந்தது. நான் கற்ற அதே முறை. 'திரும்பப் பெற்றதால் தள்ளுபடி' என்பதை அவள் எழுத எழுத நான் படித்தேன். கடைசிக் கோடு கொஞ்சம் நீளமாக இழுத்திருந்தாள். எங்கள் வகுப்பில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறைப்பார்கள்.

வெளியே வந்ததும் வக்கீல் அப்பாவின் தோளைத் தொட்டார். "சாஹிப், நீங்க கடைசிவரைக்கும் ஜட்ஜாவே நின்னீங்க. ஒரு நாள் கட்சிக்காரரா நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம்."

அவர் போன பிறகு, மரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். அப்பா பாதி சாப்பிட்டபிறகு பேசினார்.

"நோட்டு யாருதுன்னு அடுத்து கேப்பாங்க, சொல்லித்தான் ஆகணும். அந்த வீட்டுக்காரன் என் தீர்ப்பு மேல போட்ட அப்பீல் இன்னும் நடக்குது. தீர்ப்பு சொல்லுததுக்கு முன்னால வெளியாள் கையில போச்சுன்னு இங்க பதிவாச்சுன்னா, அவன் அங்க அதத்தான் மொதல்ல எடுப்பான். தையல்காரரு தெருவுல நிப்பாரு."

"நான் வெளியாளாப்பா?"

"சட்டப்படி வெளியாளுதாம்மா."

"ஏழாம் பக்கம் என் தப்பு."

"தெரியும். வாசிக்கதுக்கு முன்னால நான் பாத்திருக்கணும்." டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தார். நோட்டையும் கொடுத்தார். "ஜல்தி வா, பஸ் வருது."

வீட்டில் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு?"

"முடிஞ்சிட்டு," என்று அப்பா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "வீட்டக் காலி பண்ண எத்தன நாளு குடுப்பாங்க?"

"ரெண்டு மாசம் குடுப்பாங்க."

நோட்டைக் கிழித்துப் போடலாம் என்று நான் எடுத்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

"எத்தன பக்கம் மிச்சம் இருக்கு?"

"பாதிக்கு மேல."

"கிழிக்காத. வீட்டுச் சாமான் லிஸ்டு அதுல எழுதிரு. காலி பண்ணையில வேணும்."

நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினேன். தேதி எழுதினேன். ஆரம்பித்த நேரம் எழுதினேன். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து, கோர்ட்டில் சொல்வதுபோல ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரும்புக் கட்டில் இரண்டு, சொந்தம். மர மேஜை ஒன்று, அரசாங்கத்துடையது. டைப்ரைட்டர் ஒன்று, வாடகை. ஃபேன் மூன்று, சொந்தம். அம்மா அவர் பின்னாலேயே போய், அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டு போனேன்.

"வாசி," என்றார்.

வாசித்தேன். ஃபேன் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கூடத்து ஃபேன் அரசாங்கத்தது, சொந்தம் இரண்டுதான் என்றார். மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினேன். அப்பா என் தோளுக்கு மேலாகக் குனிந்து அந்த அடித்தலைப் பார்த்தார்.

"பரவாயில்ல," என்றார். "மேல வாசி."