வலி அட்டைக்கு ஒரு பொறுப்பாளர்

என் மாப்ளயின் வண்டிக்குப் பின் சீட் தைத்துக் கொடுத்தது நான்தான். மாப்ள என்றால் என் மனைவியின் தம்பி. காளவாசல் பக்கம் ஒரு சின்னக் கடையில் இருசக்கர வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது என் தொழில். மற்ற வண்டிகளுக்கு ஒரே அடுக்கு ஸ்பாஞ்ச்தான் வைப்பேன். அவன் வண்டிக்கு மட்டும் இரண்டு அடுக்கு வைத்து, இடது பக்கம் கொஞ்சம் பள்ளமாக வெட்டித் தைத்தேன். என் இடது இடுப்பு அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த இடுப்பு எலும்பில்தான் எனக்குக் கட்டி வந்தது. பெரியாஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கட்டி அடங்கியது, வலி அடங்கவில்லை. உட்கார்ந்தால் ஒரு வலி, எழுந்தால் ஒரு வலி. இரவில் புரண்டு படுத்தால் வரும் வலியை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் சமூகத்துச் சங்கம் நகருக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறது. அதில் வலிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. சங்கத்து ஆட்களுக்கு அங்கே ஓர் அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டையைக் காட்டினால்தான் மார்ஃபின் மாத்திரை கிடைக்கும். வெளியில் எந்த மருந்துக் கடையிலும் சும்மா கேட்டு வாங்க முடியாத மாத்திரை அது. அதனால் அட்டையில் நோயாளி பெயருக்குக் கீழே பொறுப்பாளர் என்று இன்னொரு பெயரும் இருக்கும். சொந்தக்காரர் ஒருவர், மாத்திரை வீட்டைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை இருவரும் போய் டாக்டரைப் பார்த்து அட்டையைப் புதுப்பிக்க வேண்டும்.

என் பொறுப்பாளர் மாப்ளதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பு இருந்திருந்தாலும் பேசியிருப்பேனா என்பது சந்தேகம். கடைக்கு வருகிறவர்களிடம்கூட ரெக்சின் நிறத்தைக் காட்டித்தான் பேசுவேன். டாக்டர், அதிகாரி என்று யாராவது எதிரில் உட்கார்ந்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாப்ள அப்படியில்லை. கலெக்டர் எதிரில் நிறுத்தினாலும் காலை ஆட்டிக்கொண்டு பேசுவான். எனக்கு எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது எல்லாம் என்னைவிட அவன் நன்றாகச் சொல்வான். என் வலிக்கு அவன்தான் வாய்.

இந்த வருடம் அட்டை புதுப்பிக்கக் கிளம்பிய அன்று, அவனே ஆனையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டான். சங்கத்துக் குமாஸ்தா முத்திரை குத்திக்கொண்டே அவனைச் சீண்டினார்.

"என்ன தம்பி, மச்சானுக்கு மாத்திர, ஒனக்குக் கமிஷனா?"

"ஆமாண்ணே, ஒங்களுக்கும் பாதி வேணுமா? போட்டா ஒங்க வீட்டம்மா சத்தம் காதுல விழாது."

குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவரை எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது.

உள்ளே சின்ன வயது டாக்டரம்மா. என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "எப்படி இருக்காங்க?" என்று மாப்ளயைக் கேட்டார். எப்போதும் அவனிடம்தான் கேட்பார்.

"இப்ப ரொம்பப் பரவாயில்ல மேடம். வலி கொறஞ்சிருச்சு. நல்லாத் தூங்குறாரு."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப மாத்திரை இதே அளவு போகுதே?"

"அது பழகிப்போச்சு மேடம். வலி இருக்கோ இல்லையோ, நேரமானா கை தேடுது. எங்களுக்கே பயமா இருக்கு. நிறுத்திட்டா நல்லதுன்னு வீட்ல நெனைக்கிறோம்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு உங்களுக்கு?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அதன் பிறகு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவனைப் பொய்யன் என்று ஒரு வெளி ஆள் முன்னால் சொல்வதாகிவிடும். பெண்டாட்டியின் தம்பியை. என் தோளைத் தாங்கி அந்த அறைக்குள் கூட்டி வந்தவனை. யார் நலம் கேட்டாலும் என் வாயிலிருந்து தானாக வருகிற ஒரு சொல் உண்டு. அதுதான் அப்போதும் வந்தது.

"பரவாயில்லைங்க."

டாக்டரம்மா தலையாட்டினார். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம், குறைப்பதற்கு மட்டும் இப்போது மாத்திரை தருகிறேன், அட்டை இனித் தேவைப்படாது என்றார். என் அட்டையை எடுத்து மேசையின் ஓரமாக வைத்தார். பொறுப்பாளர் இடத்தில் மாப்ள கையெழுத்து போட வேண்டிய வேலையே வரவில்லை.

வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தான். வடையைப் பிய்த்து ஆற வைத்து நீட்டினான். நான் வாங்கவில்லை. அவனே தின்றான்.

திரும்பி வரும் வழியில் முதல் வேகத்தடை வந்தது. அவன் எப்போதும் போல வண்டியை நிறுத்துகிற அளவுக்குக் குறைத்து, முன் சக்கரத்தைப் பையப் பைய ஏற்றி, இறக்கி, பின் சக்கரத்தையும் அப்படியே ஏற்றி இறக்கினான். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அடுத்த வேகத்தடையிலும் அதேதான் செய்தான்.

"வலி இல்லேல்ல எனக்கு," என்றேன். "பெறகு எதுக்கு மாப்ள மெதுவாப் போற?"

அவன் முதுகு விறைத்தது.

"மச்சான், கோவிச்சுக்கிராதீக. ஒங்க பிள்ளைக்கு நல்ல எடம் கூடி வருது. கொட்டாம்பட்டிக்காரக நல்ல குடும்பம். அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப, கூட வந்த ஒரு பெரியம்மா தொறந்து கெடந்த அலமாரியில மாத்திரையப் பாத்துட்டு, 'இது போலீசு புடிக்கிற மாத்திரையில்ல'ன்னு கேட்டுச்சு. நீங்க அப்ப பலகாரம் வாங்கப் போயிருந்தீக. நாங்கதான் சத்து மாத்திரன்னு சொல்லிச் சமாளிச்சோம்."

"நாங்கன்னா?"

அவன் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்தான்.

வீட்டுக்குப் போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளில் என் மனைவி வாசலிலேயே நின்று, "மாத்திர குடுத்தாகளா?" என்றுதான் கேட்பாள். வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்து, அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். அன்று அவள் கேட்கவில்லை. "சாப்புடுறீகளா?" என்றாள். தட்டை ஏற்கெனவே வைத்திருந்தாள். தம்பி போல நான் நினைத்திருந்தவன் செய்தது ஒரு பக்கம். இவள் கேட்காமல் விட்டது இன்னொரு பக்கம். நான் தட்டின் முன்னால் உட்காரவில்லை.

"நீயும் சேந்துதானா?" என்றேன்.

அவள் அழுதாள். "ரெண்டு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. கல்யாணம் முடியட்டும். பெறகு நானே கூட்டிப் போயி அட்டய வாங்கித் தாரேன். எம்புட்டோ பொறுத்தவுக, பிள்ளைக்காக இதப் பொறுக்க மாட்டீகளா?"

என்னிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். பிள்ளைக்காக என்று கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருக்கவும் கூடும். மாத்திரையை வேறு இடத்தில் ஒளித்து வைப்போம் என்று மூவரும் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். கேட்கவே இல்லை. பேசத் தெரியாதவன், கூட்டிப் போய் உட்கார வைத்தால் உட்கார்ந்துகொள்வான் என்று தெரிந்து செய்தார்கள். அது எப்போதும் வலிக்கிற இடத்தில் வலிக்கவில்லை.

மகள் அடுத்த அறையில் இருந்தாள். அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மாத்திரை குறையக் குறைய வலி பழைய உருவத்துக்கு வந்தது. இரவில் நான் முனகினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று மனைவி டிவியைப் போட்டு வைப்பாள். ஒரு நாள் காலையில் கடையில் ஒரு சீட்டைத் தைத்து முடித்துவிட்டு எழ முயன்றேன், முடியவில்லை. வண்டியைக் கொண்டுவந்திருந்த பையன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். யாருக்கும் போன் செய்யவில்லை. வந்த டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் வேகத்தடையில் தூக்கிப் போட்டது. என்னை அறியாமல் "அம்மா" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த பெண், "என்னண்ணே, வலிக்குதா?" என்றாள்.

"ஆமாத்தா, வலிக்குது," என்றேன். சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மீதி தூரம் முழுவதும் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா என்னைத் தனியாகப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னய்யா, எப்படி இருக்கு?"

'பர' வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு சொன்னேன். "வலிக்குதுங்க. அன்னைக்கும் வலிச்சதுங்க."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அன்னைக்கு உங்களத் தனியா வச்சுக் கேட்டிருக்கணும் நான்," என்றார். "இனிமே இந்த ரூமுக்குள்ள பரவாயில்லைன்னு நீங்க சொல்லவே கூடாது. வேற என்ன வேணா சொல்லுங்க, திட்டக்கூடத் திட்டுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

புது அட்டை எடுத்தார். என் பெயரை எழுதினார். அடுத்த கோட்டில் பேனாவை நிறுத்தினார்.

"பொறுப்பாளர் அவரையே போடலாமா?"

"வேண்டாங்க."

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

மனைவி இருக்கிறாள். மகள் இருக்கிறாள். ஆனையூரில் எங்கள் தெருவிலேயே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லார் முகமும் வந்து போனது.

"யாரும் இல்லைங்க," என்றேன்.

பொறுப்பாளர் இல்லாமல் ஒரு மாத மாத்திரையை மொத்தமாகத் தர முடியாது, வாரா வாரம் நானே வந்து ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். சங்கத்திலும் அவரே பேசினார். அந்தக் கோட்டில் ஒன்றும் எழுதாமல் அட்டை என் கைக்கு வந்தது. மாத்திரையை இப்போது கடையில், நூல்கண்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கொட்டாம்பட்டிக்காரர்கள் நல்ல மனிதர்கள்தான். சம்பந்தி என்னிடம் உடம்பைப் பற்றி விசாரித்தபோது, இடுப்பு வலி, மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். மனைவி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பைத் திருகினாள். அவர், "வேளைக்குச் சாப்புடுங்க சம்பந்தி, வலியோட ஏன் கெடக்கணும்?" என்றார். அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரம் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றபோது மாப்ள வண்டியோடு வந்து நின்றான். சீட்டைக் கையால் தட்டினான்.

"ஏறுங்க மச்சான்."

"நீ போ மாப்ள. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

"இன்னும் எம்புட்டு நாளைக்கு மச்சான்?"

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். அவன் வண்டியைக் கிளப்பினான். தெரு முனையில் வேகத்தடை இருக்கிறது. பின் சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் அவன் வண்டியைக் குறைத்து, முன் சக்கரத்தைப் பையப் பைய ஏற்றி இறக்கி, பின் சக்கரத்தையும் அப்படியே ஏற்றி இறக்கிப் போனான்.

பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கூப்பிடவில்லை.