பூண்டு எந்த நாட்டுச் சரக்கு

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட என்னை ஒரு பள்ளியே வேலைக்கு வைத்தது கவுஞ்சி என்கிற மலைக்கிராமத்துப் பக்கத்தில்தான். பழனியில் ஓட்டல் பாத்திரம் கழுவிக் கைப்புண் ஆறாமல், மலையேறிப் பூண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பள்ளி நூலகத்துக்கு வந்த புத்தகப் பெட்டிகளையும் நான்தான் இறக்கினேன். நூலகத்தைக் கவனித்த டீச்சர் என்னை அங்கேயே வேலை பார்க்கச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, டீச்சர்."

"அதுக்குத்தாண்ணே உங்கள வைக்கிறேன். நாங்க இருந்தா பிள்ளைக கேட்டதும் பதிலச் சொல்லிருவோம். உங்களால தேடத்தான் சொல்ல முடியும்."

பிள்ளைகள் எது கேட்டாலும் இரண்டு புத்தகத்தில் பார்க்க வேண்டும், யார் எழுதியது என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் விதி. மணி என்னண்ணே என்று கேட்டவனையும் அலமாரிக்கு அனுப்பினேன்.

மழையில் புத்தகங்கள் ஈரம் குடித்து உப்பின. அந்த ஊரில் பூண்டை அடுப்புக்கு மேலே புகையில்தான் காயவைப்பார்கள். நாங்களும் புத்தகங்களைச் சத்துணவு அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்தன. உலக வரலாறு முழுக்கச் சாம்பார் வாசம்.

தலைமையாசிரியருக்கு நூலக அறைமேல் கண். சத்துணவு அரிசி மூட்டை வைக்க அவருக்கு இடமில்லை. "ஆய்வுக்கு வர்ற அதிகாரி, பிள்ளைக ஒண்ணும் கத்துக்கலேன்னு சொல்லிட்டா ரூமைக் காலி பண்ணிருவேன்" என்றுவிட்டார். என் சோலியும் அதோடு போகும்.

வழியெல்லாம் பூண்டு வயலைப் பார்த்துக்கொண்டு வந்த அதிகாரி, நூலகத்தில் உட்கார்ந்ததும் முன்னால் நின்ற சிறுமியிடம் கேட்டார்: "பூண்டு மொதல்ல எந்த நாட்டுல வெளஞ்சது?"

"ரெண்டாவது தட்டுல இருக்கு சார். தேடிப் பாருங்க."

தலைமையாசிரியர் மூட்டை அடுக்குவதற்குக் கண்ணாலேயே சுவரை அளந்தார். அதிகாரி என்ன நினைத்தாரோ, எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தார். முகர்ந்தார். அதில் மத்திய ஆசியா என்றிருந்தது.

"இன்னொண்ணுலயும் பாக்கணும் சார்" என்றாள் சிறுமி.

அதில் எகிப்து. அவர் கைபேசியை எடுத்து, சிக்னலுக்காகப் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தேடினார்.

"சீனா" என்றார் வெற்றியோடு.

"யாரு எழுதுனதுன்னு போட்ருக்கா சார்?"

போடவில்லை. அவர் தரையில் சம்மணமிட்டு முதல் புத்தகத்தை மறுபடி திறந்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"வெரசாப் பொரட்டுங்க சார், பெல் அடிச்சிருவாங்க" என்றாள் அந்தச் சிறுமி.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "சார், இந்த ரூமை மூட்டைக்கு..."

"மூட்டைய உங்க ரூம்ல வைங்க. நாங்க இன்னும் தேடி முடிக்கல" என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

சாயங்காலம் மூட்டைகளை நான்தான் சுமந்துபோய் அடுக்கினேன். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் தன் நாற்காலிக்கு ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது.