கையை அடக்கிய அப்பா

இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய சமயம். வேலூரிலிருந்து ஆரணி திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விசைத்தறித் தொழிலாளி, கன்னம் ஒட்டிப்போன முகம். ஜன்னலோரம் ஆறு வயது மகள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவள் காதருகே குனிந்து, "பாப்பா, மாடு! மாடு!" என்று கத்திக்கொண்டே வந்தார். தொண்டை கட்டியிருந்தது. அவள் விரல்களை வேகமாக அசைத்து அவரிடம் எதையோ கேட்டாள். அவர் பதிலுக்குக் கையை எடுக்கவில்லை.

"பாப்பாக்கு காது கேக்காதாங்க?" என்றேன்.

"பொறந்ததுலேந்தே கேக்காதாம். ஸ்கூல்ல சேத்தப்பதாங்க தெரிஞ்சுது. ஷெட்டுல தறி ஓடற சத்தத்துல நாங்க எல்லாருமே கையாலதான் பேசிப்போம். அங்கியே வளந்த பொண்ணு, அதுவும் கையால நல்லாப் பேசும். எங்களுக்கு எப்டிங்க தெரியும்?"

"வேலூர்ல டாக்டர்கிட்ட காட்னீங்களா? இன்னா சொன்னாரு?"

"லேட்டா கூட்டிகினு வந்துட்டீங்கன்னாரு. பேச்சு வர்றதே கஷ்டமாம். இனிமே வாயால மட்டும் பேசுங்க, கையக் காட்னா வர்ற பேச்சும் வராதுன்னாரு."

சிறுமி அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அசைத்துவிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை மறுபடி தொடைக்கடியில் செருகினார். "மரம்! பாரு, மரம்!" என்றார்.

டாக்டர் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கண்ணமங்கலம் தாண்டியதும் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஆரணியில் இறங்கும்வரை அப்பாவிடம் எதுவுமே கேட்கவில்லை.