பள்ளித் தோட்டம் பார்க்க வந்தவர்

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். அரிசி கிடைக்காமல் ஊரே திண்டாடியபோது, பள்ளிக்கூடங்களில் காய்கறி போடச் சொல்லி உத்தரவு வந்தது. கறம்பக்குடிப் பக்கத்தில் டீச்சராக இருந்த நான், பிள்ளைகளோடு சேர்ந்து மண்ணைக் கொத்தி வெண்டை போட்டேன். அதைப் பார்வையிட வந்தார் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர்.

நல்ல உயரம். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் கலையாத சந்தனம். எதைக் கண்டாலும் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. பிஞ்சு வெண்டைக்காய் ஒன்றை ஒடித்துக் கடித்தார்.

"பேஷ்! என்னமா இனிக்குது! யாரு தண்ணி ஊத்துறது?"

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெருமையாகக் கை தூக்கினாள். "நாந்தாங்கய்யா."

"நீ எந்தத் தெரு?"

"சேரிங்கய்யா."

மென்றதை அவர் பாத்தியிலேயே துப்பினார். "முன்னாடியே சொல்றதுக்கென்ன டீச்சர்?" என்று என்னைக் கடிந்துகொண்டு, வண்டியிலிருந்த கூஜாத் தண்ணீரில் மூன்று முறை வாய் கொப்பளித்தார்.

நீங்கள் தின்கிற நெல்லை நட்டது யார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. வேலைக்குப் பயந்து, பார்வைப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அதில் 'தோட்டம் மிக நன்று' என்று அழகாக எழுதிவிட்டுப் போனார்.

வண்டி போனதும் அந்தப் பெண் கேட்டாள்: "காய் கசந்துருச்சா டீச்சர்?"

"இல்லடி, நல்ல காய்தான்."

ஒன்றை ஒடித்து அவள் எதிரிலேயே தின்றேன். இனிக்கிறது என்று தன் வாயாலேயே சொன்னவர், அப்புறம் எதைத்தான் துப்பினாரோ!