துவக்கின் நம்பரை அராவியவர்

என் சித்தப்பா பொய்யர். அதை எழுதத்தான் ஊர்ச்சங்க மலரில் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன். போன மாதம் வோபர்னில் நடந்த ஒன்றுகூடலில் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தவர், "எங்கட அண்ணையை லேசா நினைக்காதேங்கோ, கனடாவுக்கு வந்து துவக்கோட பிடிபட்டவர்!" என்றார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த என் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இத்தனை வருடமாக இந்தத் துப்பாக்கிக் கதையை அப்பாவின் கதையாகக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பா வந்து சில மாதங்கள்தான். அவருடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. மேலே வீட்டுக்கார வெள்ளைக் கிழவர் தனியாக இருந்தார். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை, பெரிய மழை பெய்து பேஸ்மென்றுக்குள் வெள்ளம் ஏறியது. மெத்தை நனைந்தது. அம்மா தைத்துக் கொடுக்கவேண்டிய துணிகள் நனைந்தன. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருந்த அறையில் கிழவர் வைத்திருந்த இரும்புப் பெட்டியும் தண்ணீருக்குள் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தது நான். வீட்டில் ஆங்கிலம் பேச வேறு ஆளில்லை. பல்வலி என்றாலும், வாடகை பிந்தினாலும் நான்தான் பேசவேண்டும். கிழவர் வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பெட்டியைக் கேட்டார். உள்ளே தன் தகப்பன் உலக யுத்தத்தில் வைத்திருந்த கைத்துப்பாக்கி இருக்கிறது, குண்டு கிடையாது, தன் பெயரில் பதிந்தது, அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் பேசியிருக்கிறேன் என்றார். சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, உடனே திறந்து பார்க்கச் சொன்னார்.

"ஐயோ, துவக்கோ!" என்று அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

சித்தப்பா பெட்டியைத் திறந்து அதைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "உது ரஷ்யன் சாமான். எனக்குத் தெரியாததே?"

பக்கவாட்டில் தேய்ந்து கிடந்த எழுத்துகளை நான் ஃபோனில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அது இதே ரொறன்ரோவில் செய்தது என்றார் கிழவர்.

"இஞ்சதான் செய்ததாம், சித்தப்பா."

"இஞ்ச ஐஸைத் தவிர வேற என்னத்தைச் செய்யிறாங்கள்?"

பிறகு கிழவர் நம்பரை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். தகப்பனுடையதுதான் என்று சொன்னபோது அவர் குரல் வேறாக இருந்தது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடு, மெல்லிய எண்ணெய் கொஞ்சமாகப் பூசு, அவ்வளவுதான் என்றார். உரசக்கூடாது. குழல் முனையில் கறுப்புப் போய்ச் சாம்பலாக இருப்பது அழுக்கில்லை, தோல் உறைக்குள் போய் வந்த தேய்மானம். அதையும் நம்பரையும் வைத்துத்தான் அது யாருடையது என்பதை அருங்காட்சியகத்தார் நம்புவார்கள்.

ஒரு சொல் விடாமல் நான் தமிழில் சொன்னேன். அப்பா தையல் மெஷின் எண்ணெயும் பழைய பனியனும் எடுத்துவந்து, சொன்னபடியே துடைத்து, பூசி, காய்ந்த துணியில் சுற்றி வைத்தார்.

மறுநாள் அப்பா விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனதும் சித்தப்பா துப்பாக்கியை வெளியே எடுத்தார். சட்டி மினுக்கும் கம்பிச் சுருளால் பளபளவென்று தேய்த்தார். பிறகு நம்பரை அராவ அரத்தை எடுத்தார்.

"உரச வேண்டாமெண்டவர், சித்தப்பா."

"நீ போய்க் கார்ட்டூன் பார். நம்பர்தான் ஆபத்து. பொலிஸ் வந்தால் நம்பரைப் பிடிச்சு, ஆர் தந்தது, ஆர் வச்சிருந்தது எண்டு எல்லாரையும் அள்ளிக்கொண்டு போவாங்கள். நம்பர் இல்லாட்டி உது வெறும் இரும்பு."

அவர் வந்த இடத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். வெற்றுத் தோட்டாக் கோது ஒன்று வீட்டில் கிடந்ததற்காக ஆட்களைக் கொண்டுபோன இடம் அது. இங்கே எல்லாம் தலைகீழ், துப்பாக்கியின் நம்பரை அழிப்பதே சட்டப்படி குற்றம். நம்பர் இருந்தவரை அது கிழவருடைய துப்பாக்கி. நம்பரை அராவியதும் அது எங்களுடைய குற்றமாகிவிட்டது.

கிழவர் சொல்லி அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். இதை அறிவிக்காமல் இருக்க முடியாது என்று சங்கடப்பட்டுக்கொண்டே பொலிஸுக்கு ஃபோன் எடுத்தார். வந்த பெண் பொலிஸ் என் உயரத்துக்குக் குனிந்து, இதைச் செய்தது யார் என்று வீட்டாரிடம் கேட்கச் சொன்னார்.

"ஆர் செய்தது எண்டு கேக்கினம்."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சுடுதண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

"நான்தான் எண்டு சொல்லு, பிள்ளை."

"நீங்கள் வேலைக்கெல்லே போனனீங்கள், அப்பா?"

"சொல்லெண்டால் சொல்லு."

சொன்னேன்.

அப்பாவைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் பெயரில் குற்றம் பதிவானது. விமான நிலையத்துக்குள் போகும் அவருடைய பாஸைப் பறித்தார்கள், அந்த வேலை போனது. அதன்பிறகு ஒரு கோழி வெட்டும் தொழிற்சாலையின் குளிர் அறையில் நின்றே அவருடைய விரல்கள் மடங்காமல் போயின. குடியுரிமை இழுபட்டது, ஊரில் தன் தகப்பன் செத்தபோது அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. கிழவரின் மகள் எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொன்னார். சித்தப்பாவோ சொந்தக்காரருக்கெல்லாம் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "பிள்ளை பிழையா மொழிபெயர்த்துப் போட்டுது, அண்ணை அதை நம்பி அராவிப்போட்டார்." கலியாண வீடுகளில் அன்ரிமார் என் கன்னத்தைத் தட்டி, "உவள்தானே தகப்பனை மாட்டிவிட்டவள்" என்று சிரித்தார்கள்.

அப்பா பொய் சொன்னார், என்னையும் சொல்ல வைத்தார் என்பது மட்டுமே அன்று எனக்குத் தெரிந்தது. அதனால் அவரோடு கோபித்துக்கொண்டு பல நாள் பேசாமல் இருந்தேன். அப்பாவிடம் நிரந்தர வதிவிட அட்டை இருந்தது, அவரை லேசில் திருப்பி அனுப்ப முடியாது. சித்தப்பாவிடம் விசாரணைக்கு வராத ஒரு வழக்கு மட்டும் இருந்தது. அவர் வாயால் "நான்" என்று வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இறங்கிய இடத்தில் அவரைப் பிடிக்க ஆட்கள் நின்றிருப்பார்கள். அந்தப் பொலிஸ்காரி பதிலுக்குக் காத்திருந்த கொஞ்ச நேரத்துக்குள் அப்பா இதையெல்லாம் யோசித்து முடித்திருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்று நீங்கள் வாய் திறக்காததற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை, சித்தப்பா. பயந்திருந்தீர்கள். இப்போது உங்களுக்கு என்ன பயம்? வழக்கு வென்று, குடியுரிமை எடுத்து, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டீர்கள். பொங்கல் விழாவிலும் உங்களைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு நானும் வருவேன். அவர் முகத்தைப் பார்த்துச் சபைக்குச் சொல்லுங்கள்: நம்பரை அராவியது யார்?