காசம்மாளின் முடிச்சு

வயிற்றை எக்கி, பாவாடை நாடாவின் இரு முனைகளையும் கைகளில் சுற்றிக்கொண்டு ஒரு இழுப்பு. முடிச்சு விழுந்த பிறகுதான் காசம்மாள் மூச்சு விடுவாள். அதுவும் பாதி மூச்சு.

பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவுக்காரிகளுக்கு அவள்தான் முதல் ஆள். தூக்கிச் செருகிய புடவையின் பாரமெல்லாம் அந்த நாடாவில். சேற்றுத் தண்ணீரிலும் வியர்வையிலும் ஊறி ஊறி, இருபது வருஷத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு கருத்த பள்ளமே விழுந்துவிட்டது. முதலில் அரித்தது. பிறகு தோல் உரிந்தது. இந்த ஆடியிலிருந்து இடப்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒரு புண், ஆறாமல் கசிகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, அதன் மேலேயே நாடாவைக் கட்டினாள். நோயையும் வைத்தியத்தையும் ஒரே முடிச்சில் போட்டவள் அந்தக் கொம்யூன் ஊர்களில் அவள் ஒருத்தி மட்டுமல்ல.

"கொஞ்சம் தளத்தி கட்டேம்மா" என்பாள் மகள் ஜெயா.

"தளத்தி கட்டுறவ வூட்ல குந்திக்கணும்டி. சேத்துல எறங்குறவளுக்கு இன்னா தளத்தி?"

உண்மைக் காரணம் வேறு. கல்யாணமான புதிதில், குனிந்து நடும்போது முடிச்சு அவிழ்ந்து புடவை சேற்றில் விழுந்தது. வரிசையே சிரித்தது. ஒரு வருஷம் முழுக்க 'அவுந்த காசம்மா' என்றுதான் பெயர். சிரித்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேருக்கு ஞாபகமில்லை. அவள் இடுப்பு மட்டும் மறக்கவில்லை.

ஐப்பசியில் ஜெயா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஆண்பிள்ளை என்பதால், காசம்மாள் புடவையை இரண்டு விரற்கடை மட்டும் விலக்கினாள். அவர் முகம் மாறிற்று. புண்ணின் ஓரம் தடித்துவிட்டது, புற்றாக இருக்கலாம், சதைத் துணுக்கு வெட்டிப் பார்க்க இந்த வாரமே புதுச்சேரி போக வேண்டும் என்று சீட்டு எழுதினார்.

"இனிமே நாடாவே அங்க படக் கூடாதும்மா."

"சரி சாமி. நடவு பத்து நாள் கீது, முடிச்சிட்டுப் போறேன்."

"உன் உசுரு பெருசா, நடவு பெருசா?" ஜெயா அழுதேவிட்டாள்.

"நா இல்லாம அந்த வரிசைய யாருடி இழுத்துக்கினு போவா? டாக்டரு எதிர்ல மூக்க சிந்தாத, வா."

வெளியே போகுமுன் ஆஸ்பத்திரித் தடுப்புத் திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். சீட்டை நாலாக மடித்தாள். நாடா உறுத்தாதிருக்க அதைப் புண்ணின் மேல் வைத்து, இறுக்கிக் கட்டினாள்.