பண்டிகைப் புடிங்கும் பசுவின் கொழுப்பும்

எண்பதுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த குளிர் நகரத்தின் பார்க்டேல் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் வீட்டுக்காரி இருந்தார். இங்கிலாந்துக் கிழவி. திருவெம்பாவைக் காலத்தில் ஒரு நாள் காலை, கறுத்துப் பளபளத்த கிறிஸ்மஸ் புடிங் ஒன்றைத் தந்தார்.

"இறைச்சி ஏதும் உண்டா?" என்று விசாரித்தேன்.

"சீச்சீ! முந்திரிகை வற்றல், மா, சீனி, சூவிற்."

சூவிற்றையும் ஏதோ வற்றல் என்று நினைத்துத் தலையாட்டினேன். தெரியாது என்று சொன்னால் படித்த மனிதனின் மானம் என்னாவது? விரதக்காரியான என் மனைவி அதைப் பிள்ளையார் படத்துக்கு முன் வைத்தாள். மத்தியானம் பூசை முடித்துத்தான் சாப்பிடுவாள்.

அன்று எனக்கு வேலையில்லை. குளிருக்கு நூலகத்தில் ஒதுங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். பெரிய அகராதியைப் புரட்டினேன். சூவிற்: மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு.

மேலும் வாசித்தேன். இலத்தீனில் பிறந்து, பிரெஞ்சுக்காரனோடு கடல் கடந்து, அறுநூறு வருடங்களுக்கு மேலாக ஆங்கிலத்தில் குடியிருக்கிறதாம் அந்தச் சொல். அவ்வளவு காலத்தில் எத்தனை சொற்கள் அர்த்தம் மாறிவிட்டன! இந்தப் பாழாய்ப்போனது மட்டும் புறப்பட்ட நாளிலும் கொழுப்பு, வந்து சேர்ந்த நாளிலும் கொழுப்பு. தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்குத் 'கௌ' என்று தங்கள் சொந்தச் சொல்லையே வைத்துக்கொண்ட ஆங்கிலேயர்கள், அதன் கொழுப்புக்குப் பிரெஞ்சுக்காரனின் சட்டையைப் போட்டு என் வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். என்ன அநியாயம்!

நூலக வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து, காசைப் போட்டு மனைவியை அழைத்தேன்.

"வாயிலை வையாதையும்!"

"ஏனப்பா, நஞ்சே?"

"அதிலும் மோசம். மாட்டுக் கொழுப்பு! இலத்தீனிலை..."

"சரித்திரத்தைப் பிறகு சொல்லுங்கோ. பிள்ளையாருக்கெல்லோ படைச்சுப் போட்டன்!"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். நான் ட்ராம் பிடிக்க ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் புடிங்கைத் தூக்கிக்கொண்டு, நியாயம் கேட்க மேல்மாடி ஏறினேன். கிழவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இறைச்சியா என்று கேட்டீர்கள். கொழுப்பு எப்படி இறைச்சியாகும்?"

வக்கீல் வைத்தாலும் தோற்றிருப்பேன். புடிங்கை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மனைவி தட்டைக் கழுவி, படத்தைத் துடைத்து, பூசையை முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். இந்த முறை ஆப்பிள்.

"இதையும் ஒருக்கால் அகராதியிலை பார்த்திட்டு வாங்கோ. அதுவரைக்கும் நான் பட்டினி கிடக்கிறன்."

சப்பாத்தைக் கழற்றாமல் ஒரு கணம் வாசலிலேயே நின்றேன். போகச் சொல்கிறாளா, பகிடி விடுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.